கடிதங்களின் மறுபாதி

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலித்த பேச்சின் எழுத்துருவம்)



எங்கள் ஊர் வீடுகளிலே வழக்கமாக நடைபெறும் ஒரு காரியத்தோடு இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். ஒரு பெரியவர் காலமாகிவிட்டார். எட்டுச் செலவும் முடிந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து, வந்த உறவினர் எல்லாரும் போன பின்னர் அவருடைய அறையைத் துப்புரவாக்குவார்கள். றங்குப் பெட்டி திறக்கப்படும். காணி உறுதி, தோம்புப் பிரதி, சாதகம், வங்கிப் புத்தகம் முதலியன கவனமாக எடுத்து வைக்கப்படும். மிச்சமெல்லாம் பழங்கடதாசி. மலாயாவிலிருந்து தம்பியார் எழுதிய கடிதங்கள், படிப்பித்த காலத்துக் குறிப்புக் கொப்பிகள், தோட்டக் கணக்கும் வீட்டு விசேஷமும் மாறி மாறி எழுதப்பட்ட டயறிகள் எல்லாம் கோடிப்பக்கத்துக்குப் போய்க் குப்பையோடு குப்பையாக எரிந்துவிடும்.

இதை யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. காணி உறுதிக்குப் பெறுமதி உண்டு; கடிதத்துக்கு என்ன பெறுமதி என்பதே நினைப்பு. ஆனால், அந்தக் காணி யாருக்குச் சொந்தம் என்பதை மட்டுமே உறுதி சொல்லும். அந்தக் காணியில் வாழ்ந்தவர் எதை நினைத்தார், எதற்குப் பயந்தார், யாரோடு மனம் விட்டுப் பேசினார் என்பவற்றை அவர் கைப்பட எழுதிய கடதாசிகளே சொல்லும்.

இந்தக் கடதாசிகளைப் பேணுவதையே ஒரு கடமையாகக் கொண்ட சிறிய சமூகம் ஒன்று உலகில் உண்டு. அவர்களை ஆங்கிலேயர் குவேக்கர் என்று அழைப்பர். அவர்கள் தம்மைத் தாமே நண்பர் சபையார் என்று சொல்லிக் கொள்வர். அவர்கள் செய்ததை அறிந்து கொண்டால், நாம் செய்யத் தவறியது நன்றாக விளங்கும்.

பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் வடபுலத்திலே ஜோர்ஜ் பொக்ஸ் என்பவர் ஊர் ஊராகச் சென்று போதித்தார். கடவுளின் ஒளி ஒவ்வொரு மனிதர் உள்ளத்திலும் இருக்கிறது. அதைக் காணக் குருவானவர் வேண்டியதில்லை, சடங்கும் வேண்டியதில்லை என்பது அவர் போதனையின் சாரம். அவரைப் பின்பற்றியோர் கூடி மௌனமாக இருந்து வழிபட்டனர். நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய மறுத்தனர். ஆயுதம் ஏந்த மறுத்தனர். நீதிபதியைக் கண்டும் தொப்பியைக் கழற்றவில்லை. அக்கால ஆங்கிலத்தில் பெரியோரை அழைக்க ஒரு சொல்லும் சமமானவரையும் தாழ்ந்தவரையும் அழைக்க ஒரு சொல்லும் இருந்தன. இவர்கள் எல்லாரையும் 'நீ' என்றே அழைத்தனர். 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்று மூன்று படி வைத்துப் பேசும் யாழ்ப்பாணத்தவர்களாகிய நமக்கு, அது எத்தனை பேரைச் சினங்கொள்ள வைத்திருக்கும் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

சினத்தின் பலன் சிறை. அபராதம், சவுக்கடி, சொத்துப் பறிமுதல் என்று துன்பங்கள் தொடர்ந்தன. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எழுதி வைத்தார்கள். எந்த ஊரில், எந்த நாளில், யாரிடமிருந்து எத்தனை மாடு, எத்தனை பாத்திரம் பறிக்கப்பட்டது என்று ஊர்க்கூட்டங்கள் குறித்து இலண்டனுக்கு அனுப்பின. அங்கே அவை பெரும் புத்தகங்களில் படியெடுக்கப்பட்டன. 'துன்பங்களின் பெருநூல்' என்று பெயர் பெற்ற அந்தக் கையெழுத்துத் தொகுதி 44 பாகங்கள் கொண்டது. அதிலே பிரபுக்களின் பெயர் குறைவு. செருப்புத் தைப்பவர், நெசவாளர், கமக்காரர், விதவைப் பெண்கள் ஆகியோரின் பெயர்களே நிறைந்துள்ளன.

மார்கிரட் பெல் என்ற அம்மையாரின் சுவாத்மூர் இல்லம் அக்காலத்தில் இவர்களுக்கு ஒரு தபாற் கந்தோர் போல விளங்கிற்று. போதகர்கள் வழியிலிருந்தும் சிறையிலிருந்தும் அங்கே கடிதம் எழுதினர். ஆயிரத்துக்கு மேற்பட்ட அக்கடிதங்கள் இன்று இலண்டன் யூஸ்ரன் வீதியிலுள்ள நண்பர் இல்ல நூலகத்தில் இருக்கின்றன.

அந்த நூலகத்தின் தொடக்கமே கவனிக்கத்தக்கது. 1673 ஆம் ஆண்டிலே இச்சபையார் ஒரு தீர்மானம் செய்தனர். நண்பர்கள் எழுதிய ஒவ்வொரு நூலிலும் இரண்டு பிரதி சேர்த்து வைக்கவேண்டும். நண்பர்களுக்கு எதிராக எழுதப்பட்ட ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி சேர்த்து வைக்கவேண்டும் என்பதே அது. தம்மை வைத கண்டன நூலையும் காசு கொடுத்து வாங்கி அலுமாரியில் வைத்தார்கள். மறுப்பு எழுதுவதற்கு அது உதவும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். எப்படியாயினும், பின்வந்த வரலாற்றாசிரியனுக்கு வழக்கின் இரு தரப்பும் கிடைத்தன.

அமெரிக்காவிலும் இதே வழக்கம் தொடர்ந்தது. பென்சில்வேனியா மாநிலத்திலே குவேக்கர் நிறுவிய சுவாத்மோர் கல்லூரியில் 1871 இல் நண்பர் வரலாற்று நூலகம் தோன்றிற்று. அடிமை ஒழிப்புக்கும் பெண்ணுரிமைக்கும் உழைத்த லுக்கிரீசியா மொற் அம்மையாரின் கடிதங்கள் அங்கே உள்ளன. நம் பக்கத்துக்கு நெருங்கிய தொகுதிகளும் உண்டு. காந்தியடிகளின் நண்பர்களாக விளங்கிய ஹொரேஸ் அலெக்சாண்டர், அகதா ஹரிசன் ஆகிய இரு குவேக்கர்களின் கடதாசிகள் இலண்டன் நூலகத்தில் பேணப்படுகின்றன. இந்திய விடுதலைப் பேச்சுக்கள் நடந்த நாட்களில் திரைக்குப் பின்னே யார் யாருடன் பேசினர் என்பதை அறிய விரும்புவோர் அங்கேதான் போகவேண்டும்.

நேயர்களே, இத்தகைய தனிமனிதர் கடதாசிகளை வாசிப்பது நாவல் வாசிப்பது போன்றதன்று. அதற்குச் சில பழக்கங்கள் வேண்டும். திங்கள், செவ்வாய் முதலிய கிழமைப் பெயர்களும் மாதப் பெயர்கள் பலவும் பிற தெய்வங்களின் பெயரால் அமைந்தவை என்பதால் அக்காலக் குவேக்கர் அவற்றை எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு 'முதலாம் நாள்'. மாதங்களும் முதலாம் மாதம், இரண்டாம் மாதம் என்றே வரும். ஆனால் இங்கிலாந்தில் 1752 வரையில் ஆண்டு மார்ச் மாதத்திலேயே தொடங்கிற்று. எனவே 1680 இல் எழுதப்பட்ட கடிதத்தில் 'மூன்றாம் மாதம்' என்றிருந்தால் அது மே மாதம்; மார்ச் அன்று. இது தெரியாதவர் ஒரு மனிதரைச் சிறைக்குப் போகுமுன்பே விடுதலை செய்துவிடக்கூடும். நம் ஏட்டுச் சுவடிகளிலும் இதே சிக்கல் உண்டு. 'பிலவ வருஷம் ஆனி மாதம்' என்று மட்டும் எழுதி வைத்தால், அறுபது ஆண்டுக்கு ஒரு முறை வரும் பிலவத்தில் இது எந்தப் பிலவம் என்று தேடவேண்டும்.

அச்சில் வந்த கடிதத்துக்கும் கையெழுத்துக் கடிதத்துக்கும் வேறுபாடு உண்டு என்பது இன்னொரு பாடம். சிறைச்சாலைச் சீர்திருத்தத்தால் புகழ்பெற்ற எலிசபெத் பிரை அம்மையார் 1845 இல் இறந்தபின், அவருடைய புதல்விகள் இருவர் தாயாரின் நாட்குறிப்புக்களிலிருந்து தெரிந்தெடுத்து 1847 இல் இரு பாகங்களாக வெளியிட்டனர். பெற்ற தாயைப் பற்றி ஊரார் என்ன நினைப்பரோ என்று எண்ணும் பிள்ளைகள் சிலவற்றை விடுவது இயல்பு. விடப்பட்ட ஐயங்களும் மனச்சோர்வுகளும் மூலக் கையெழுத்திலே இருந்தன. மூலம் எரிக்கப்படாததனால், பிற்காலத்தார் அந்த அம்மையாரை முழு மனிதப் பிறவியாகக் காண முடிந்தது.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். குவேக்கர் இங்கே மிஷன் நடத்தவில்லை. இந்தியாவில் அவர்களது பணி 1866 இல் காசிக்கு வந்த ரேச்சல் மெற்காபுடன் தொடங்கிப் பின்னர் ஹொஷங்காபாத் பகுதியில் நிலைத்தது. யாழ்ப்பாணத்துக்கு வந்தவர்கள் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சங்கத்தார். இந்த இரு சாராருக்கும் இடையே ஒரு பழைய கதை உண்டு. பொஸ்ரனிலே தூய்மைவாதக் கிறிஸ்தவர்கள் ஆண்ட காலத்தில், 1659 முதல் 1661 வரை, நான்கு குவேக்கர்கள் தூக்கிலிடப்பட்டனர். 1660 இல் உயிர் துறந்த மேரி டையர் என்ற பெண்மணி அவர்களில் ஒருவர். அந்தத் தூய்மைவாதிகளின் சபை மரபில் வந்தவர்களே ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1810 இல், அமெரிக்க மிஷன் சங்கத்தை அமைத்தனர். கொள்கையில் எத்தனை பகை இருந்தாலும், எழுதுவதிலும் எழுதியதைப் பேணுவதிலும் இரு சாராரும் ஒரே குணமுடையவர்கள் எனலாம்.

1815 ஒக்டோபரில் 'டிரையட்' என்ற பாய்க்கப்பலில் புறப்பட்ட அமெரிக்கர் 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்தனர். அவ்வாண்டிலேயே தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கிற்று. 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824 இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை, 1841 இல் 'உதயதாரகை' என்று தொடர்ந்த வரலாறு நேயர்கள் அறிந்ததே. இவற்றுக்கெல்லாம் பின்னணியில் இடைவிடாத கடிதப் போக்குவரத்து நடந்தது. பொஸ்ரனுக்குப் போன அறிக்கைகளும் கடிதங்களும் சேர்த்துக் கட்டப்பட்டு, இன்று ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் ஹொட்டன் நூலகத்தில் இருக்கின்றன. நுண்படச் சுருளாகவும் அவை எடுக்கப்பட்டுள்ளன.

சங்கத்துக்கு எழுதிய அறிக்கை ஒரு குரலில் பேசும். வீட்டாருக்கு எழுதிய கடிதம் வேறொரு குரலில் பேசும். அறிக்கையில் எத்தனை பாடசாலை, எத்தனை மாணவர் என்ற கணக்கே முதன்மை பெறும். அதைப் படித்துப் பணம் அனுப்புவோர் அங்கே இருந்தனர் அல்லவா? சொந்தக் கடிதத்திலே துயரம் மறைக்கப்படுவதில்லை. உடுவிற் பாடசாலையை நடத்திய ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் தம் மகன் சார்ள்ஸைப் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பினார். சிறுவன் 1832 இல் அங்கே இறந்தான். அடுத்த ஆண்டு சனவரியில் அம்மையாரும் இங்கே காலமானார். கணவர் மைரன் வின்ஸ்லோ, பிற்காலத்தில் 1862 இல் பேரகராதி வெளியிட்டவர், மனைவியின் கடிதங்களையும் குறிப்புக்களையும் கொண்டு 1835 இல் ஒரு வாழ்க்கை வரலாறு வெளியிட்டார். உடுவில் அம்மையாரை ஒரு தாயாக நாம் அறிய முடிவது அந்தக் கடதாசிகளாலேதான்.

டாக்டர் சமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களின் கதையும் அப்படியே. ஆறுமுக நாவலர் பிறந்த அதே 1822 இல் பிறந்த இவர், 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் கற்பித்தார். 1862 இல் இரண்டாம் முறை வந்தபின் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். அங்காதிபாதம், இரணவைத்தியம், கெமிஸ்தம் என்று மேனாட்டு மருத்துவம் தமிழில் நூலாயிற்று. 1873 இல் நாடு திரும்பிய பின்னும் அப்பணியை அவர் விடவில்லை. 1884 இல் அவர் இறந்தபின், எபனேசர் கட்லர் என்பவர் அவருடைய கடிதங்களைத் தொகுத்து 1891 இல் ஒரு நூலாக்கினார். தமிழால் மருத்துவம் கற்பிக்க முடியும் என்று அவர் ஏன் நம்பினார், எத்தகைய எதிர்ப்பைச் சந்தித்தார் என்பன அதனால் நமக்குத் தெரிகின்றன. கவிஞர் அம்பி 1967 இல் 'கிறீனின் அடிச்சுவடு' எழுதி அவரைத் தமிழ் வாசகருக்கு மீண்டும் அறிமுகம் செய்தார்.

நேயர்களே, இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கடிதம் என்பது இருவர் பேச்சு. கிறீன் எழுதியது இருக்கிறது; கிறீனுக்கு அவருடைய மாணவர்கள் எழுதியது எங்கே? மொழிபெயர்ப்பிலே அவரோடு உழைத்த சாப்மன், டன்போத், போல் முதலிய தமிழ் வைத்தியர்கள் தங்கள் வீட்டாருக்கும் நண்பருக்கும் என்ன எழுதினர்? ஒரு மேனாட்டுச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் தேடி இரவிரவாக வாதாடியபோது அவர்கள் பக்கத்து நியாயம் என்ன? அகராதிப் பணியில் வின்ஸ்லோவுக்குத் துணைநின்ற தமிழறிஞர்களின் குறிப்புக் கட்டுகள் எங்கே? பெரும்பாலும் பாதிரிமார் பக்கத்துப் பாதியே எஞ்சியது. எங்கள் பாதி கோடிப்பக்கத்திலே எரிந்து போயிற்று, அல்லது கறையானுக்கு இரையாயிற்று.

பெயர்களே இதற்குச் சாட்சி. செலவுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரும், அவர்கள் மதித்த பெரியோரின் பெயரும் பிள்ளைகளுக்கு இடப்பட்டன. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, ஆணல்ட் சதாசிவம்பிள்ளை போன்றோர் தமிழ்ப் பெயரையும் சேர்த்து வழங்கியதால் நமக்கு அடையாளம் தெரிகிறது. மற்றப் பலர் ஓர் அமெரிக்கப் பெயராக மட்டும் பதிவேட்டில் நிற்கின்றனர். அவர் எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று தேடுகின்றவர், வீட்டுப் பெட்டியில் ஒரு பழைய கடிதம் இருந்தாலன்றிக் கண்டுபிடிக்க மாட்டார்.

நம்மவர் எல்லாரும் பொறுப்பில்லாமல் இருந்தனர் என்று சொல்ல வரவில்லை. அதே ஆணல்ட் சதாசிவம்பிள்ளை 1886 இல் 'பாவலர் சரித்திர தீபகம்' வெளியிட்டு நானூறுக்கு மேற்பட்ட புலவர்களின் வரலாற்றை மறைந்து போகாமற் காத்தார். வீடு வீடாக ஏடு தேடிய சி. வை. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர். ஆனால் அவர்கள் தேடியது இலக்கியம். சாதாரண மனிதரின் கடிதமும் கணக்கும் ஒரு நாள் தேடப்படும் என்று எண்ணியவர்கள் மிகச் சிலர்.

சேர்த்து வைத்தவையும் நிலைக்கவில்லை. 1981 மே 31 ஆம் திகதி இரவில் மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் 97,000 வரையான நூல்களும், கிடைத்தற்கரிய ஏடுகளும், கையெழுத்துப் பிரதிகளும் அழிந்தன. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, கையிலே எடுத்தது பிள்ளைகளையும் அடையாள அட்டையையும் உறுதியையுமே. திரும்பி வந்தபோது பல வீடுகளில் பெட்டி இருந்தது. உள்ளே கடதாசி இல்லை. நூல் எரிந்தால் வேறொரு பிரதியை உலகில் எங்காவது தேடலாம். கடிதத்துக்கு மறுபிரதி இல்லை.

அந்தப் போர்க்காலத்திலே குவேக்கர்களும் நம் நாட்டுக்கு வந்தனர் என்பது பலருக்குத் தெரியாது. 1947 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற அச்சபையார், போரிடும் தரப்புக்களிடையே ஓசையின்றிச் செய்தி கொண்டு செல்வதை ஒரு தொண்டாகவே செய்து வந்தனர். அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகச் சமூகவியற் பேராசிரியர் ஜோசப் எல்டர், பிரித்தானியாவின் பிராட்போட் பல்கலைக்கழகத்தில் சமாதானக் கல்விக்கு முதற் பேராசிரியராக இருந்த அடம் கேர்ல் ஆகியோர் 1980 களில் இலங்கை முரண்பாட்டில் இத்தகைய முயற்சியில் ஈடுபட்டனர். அவர்கள் பத்திரிகையாளரை அழைக்கவில்லை, புகழும் தேடவில்லை. தோமஸ் பிரின்சென் என்ற ஆய்வாளர் நடுவர்களைப் பற்றி 1992 இல் வெளியிட்ட நூலிலே இலங்கையில் குவேக்கர் செய்த முயற்சியையும் ஆராய்ந்துள்ளார். கேர்ல் 2006 இல் மறைந்தார். அவருடைய கடதாசிகள் பிராட்போட் பல்கலைக்கழகத்தில் உள்ளன.

ஆகவே, 1816 ஐப் பற்றி மட்டுமன்று, 1980 களில் நமக்கு நேர்ந்ததைப் பற்றியும் எழுதப்போகும் ஒருவர் பிற நாட்டு நூலகங்களின் கதவைத் தட்டவேண்டியிருக்கும். அங்கே அவருக்குக் கிடைப்பது வந்துபோன நல்லவர்களின் பார்வை. இங்கேயே இருந்து பட்டவர்களின் பார்வையை அவர் எங்கே தேடுவார்? அக்காலத்தில் ஒரு தாய் கனடாவிலுள்ள மகனுக்கு எழுதிய கடிதம், ஒரு தலைமையாசிரியர் இடம்பெயர்ந்த பாடசாலையை நடத்திய நாட்குறிப்பு, சங்கக் கடையின் பங்கீட்டுக் கொப்பி ஆகியனவே அதற்கு ஆதாரம். குவேக்கரின் 'துன்பங்களின் பெருநூல்' இத்தகைய சிறு குறிப்புக்களாலேயே ஆனது.

என்ன செய்யலாம்? ஆவணக் காப்பகத்தார் சொல்லும் எளிய விதிகள் சில உண்டு. முதலாவது, கட்டைக் கலைக்கவேண்டாம். இறந்தவர் எந்த ஒழுங்கில் வைத்தாரோ அந்த ஒழுங்கே ஒரு செய்தி. இரண்டாவது, கடித உறையை எறியவேண்டாம். திகதி எழுதாத கடிதத்துக்குத் தபால் முத்திரைதான் திகதி. மூன்றாவது, படங்களில் இருப்பவர்களின் பெயரை, அறிந்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதவேண்டும். நான்காவது, கிழிந்த தாளுக்கு ஒட்டுநாடா ஒட்டவேண்டாம். பிளாஸ்ரிக் உறையிட்டுச் சூடாக்கி ஒட்டவும் வேண்டாம். கறையான் ஏறாத உயரத்தில், காற்றோட்டமுள்ள இடத்தில், கடதாசி மட்டைப் பெட்டியில் வைத்தாலே போதும்.

வீட்டுச் சங்கதி வெளியே போய்விடுமே என்ற பயம் நியாயமானது. நம் சமூகத்தில் அது பெரிய பயம். இதற்கும் வழியுண்டு. முப்பது ஆண்டுக்கோ ஐம்பது ஆண்டுக்கோ யாரும் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு கடதாசிகளை ஒப்படைக்கும் வழக்கம் உலகக் காப்பகங்களில் உள்ளது. எரிப்பதற்கும் எல்லாரிடமும் காட்டுவதற்கும் இடையில் இப்படியொரு நடுவழி இருக்கிறது. மூலத்தைக் கொடுக்க மனமில்லாதவர் பிரதி எடுக்க இடம் கொடுக்கலாம். 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களோடு சுவடிகளையும் பிற ஆவணங்களையும் எண்ணிம வடிவில் பேணி வருகிறது. 1981 இல் நமக்கு இல்லாத வசதி இது.

நேயர்களே, அந்தக் குவேக்கர்கள் செல்வாக்கு மிக்கவர்களாய் இருந்து எழுதி வைக்கவில்லை. தொகையிற் சிறியவர்களாய், ஆட்சியாளரால் வெறுக்கப்பட்டவர்களாய் இருந்தபோதே எழுதி வைத்தார்கள். தம்மை எதிர்த்தவரின் நூலுக்கும் ஓர் இடம் ஒதுக்கினார்கள். அதனால் மூன்றரை நூற்றாண்டு கழிந்தும் அவர்களைப் பற்றி அவர்கள் வாயாலேயே கேட்க முடிகிறது.

அடுத்த முறை உங்கள் வீட்டிலோ அயலிலோ ஒரு றங்குப் பெட்டி திறக்கப்படும்போது, உறுதியை எடுத்து வைக்கும் கை மற்றக் கடதாசிகளையும் எடுத்து ஒரு பக்கம் வைக்கட்டும். அன்றைக்கே வாசிக்கவேண்டும் என்பதில்லை. எரிக்காமல் விட்டாலே போதும். வாசிப்பவர் பின்னர் வருவார்.